நீலக் குறியும் கடிதக் கம்பியும்

நம் சங்கத்து அன்பர்களுள் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கடிதக் கம்பியை மறந்திருக்கமாட்டார்கள். அடியில் வட்டமான ஒரு மரக்கட்டை. அதன் நடுவிலிருந்து மேலெழும் ஒரு முழ நீளக் கம்பி. கம்பியின் தலைப்பு தூண்டில் முள்போல் வளைந்து கூர்மையாக இருக்கும். கடிதத்தை அந்த முனையில் குத்திக் கீழே தள்ளிவிட்டு, வளைவை ஆணியில் மாட்டிவிடுவார்கள். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் நாம் பிறந்த வீட்டின் கூடத்திலும் அத்தகைய கம்பி ஒன்று இருந்தது. பல ஆண்டுக் கடிதங்கள் அதில் ஏறி, அடியில் உள்ளவை பழுப்பேறி, மேலே உள்ளவை வெளுத்து, ஒரு குடும்பத்தின் வரலாறே அடுக்கடுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பிக்கு ஒரு சட்டம் உண்டு. தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தைத் தந்தையார் முதலில் தாம் படிப்பார். பிறகு கூடத்தில் அனைவரும் கேட்க உரக்கப் படிப்பார். படித்து முடித்த மாத்திரத்தில் அது கம்பிக்குப் போய்விடாது. பக்கத்தில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், பாதி வெளியே தெரியும்படி செருகப்படும். பதில் எழுதித் தபாற்பெட்டியில் சேர்த்த பிறகே, பதில் எழுதிய தேதியை மூலையில் குறித்து, அதைக் கம்பியில் ஏற்றுவார். "கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது கடன், கம்பியில் இருப்பது தீர்ந்த கணக்கு" என்பது அவர் வாக்கு. தாயார் நாள்தோறும் காலையில் திலகமிட்டுக்கொள்ள அந்தக் கண்ணாடியின் முன்னால்தான் நிற்பார். நிற்கும்போதே, "மாயவரத்துப் பெரியம்மாவுக்கு இன்னும் பதில் போகவில்லையே" என்பார். தந்தையார் எழுதுபலகையைத் தேடிக்கொண்டு போவார். மறப்பதற்கு அந்த வீட்டில் இடமே இருந்ததில்லை.

கடிதம் வெளியிலிருந்தே பேசிய காலம் அது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலச் செய்தி. ஓரத்தில் கறுப்பு மை தீற்றியிருந்தால் துயரச் செய்தி. கறுப்பு மைக் கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டு, தலைமுழுகப் போய்விடுவார்கள். அது கண்ணாடிக்குப் பின்னாலும் போகாது, கம்பியிலும் ஏறாது. அதற்குப் பதில் எழுதுவது வழக்கமில்லை. நேரே புறப்பட்டுப் போவதே வழக்கம். எந்தச் செய்திக்கு எது விடை என்பதும் அக்காலத்தில் ஓர் ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தது.

1981இல் மத்திய அரசுப் பணி ஏற்று நாம் டில்லிக்கு வந்தோம். அலுவலகத்திலும் இதே சட்டத்தை வேறு உடையில் கண்டோம். வந்து சேரும் தபால்கள் முதலில் அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் ஒவ்வொன்றின்மீதும் சுருக்கொப்பமும் தேதியும் இடுவார். அவர் அதைக் கண்டார் என்பதற்கு அந்தச் சுருக்கொப்பமே சான்று. அதன்பின் தபால் பிரிவுக்கு வந்து, பதிவேட்டில் எண் பெற்று, உரியவர் கைக்குப் போகும். சுருக்கொப்பம் விழுந்ததனாலேயே வேலை முடிந்ததென்று எவரும் கருதியதில்லை. வாரம் ஒருமுறை நிலுவைப் பட்டியல் ஒன்று தயாராகும். முடிவு காணாதவை அனைத்தும் அதில் வந்து வரிசையாக நிற்கும். அந்தப் பட்டியலைக் கண்டு நாம் பல வெள்ளிக்கிழமைகளில் அஞ்சியதுண்டு. ஆயினும், கண்டது வேறு, முடித்தது வேறு என்பதை வீட்டில் தந்தையாரின் கண்ணாடியும் அலுவலகத்தில் அந்தப் பட்டியலும் நமக்குக் கற்பித்தன. கற்றும், நாம் தவறினோம். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மாலை, விழாக் குழுக் கூட்டம் ஒன்று முடிந்து மெட்ரோ ரயிலில் மயூர் விஹாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ராஜீவ் சௌக் நிலையத்தில் வண்டி மாறவேண்டும். அந்நேரத்து நெரிசலை டில்லி அன்பர்களுக்கு நாம் விவரிக்கத் தேவையில்லை. வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது சட்டைப்பையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தோம். ஊரில் தாயாரைத் தம்முடன் வைத்துக் காத்துவரும் நம் தமையனாரின் செய்தி அது.

தமையனார் பழைய மனிதர். கைப்பேசியில் எழுதினாலும் இன்லண்டு கடிதம் எழுதுவதுபோலவே எழுதுவார். "தம்பிக்கு ஆசிகள். இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் உன் நலமும் மற்றவர் நலமும் அறிய அவா. ஆடியில் இரண்டு மழை பெய்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று விட்டிருக்கிறோம்" என்று தொடங்கியிருந்தார். அதற்குக் கீழே, நீண்ட செய்திகளை மடித்துக் காட்டும் 'மேலும் படிக்க' என்ற சொற்கள் தெரிந்தன. கதவு திறந்தது. பின்னாலிருந்தவர்கள் தள்ள, கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு நாமும் இறங்கினோம். வீட்டில் போய் நிதானமாகப் படிக்கலாம் என்று எண்ணினோம்.

வீட்டுக்கு வந்தபோது, படிக்காத செய்திகளின் எண்ணிக்கையைக் காட்டும் சிறு பச்சை வட்டம் தமையனாரின் பெயருக்கு எதிரே இல்லை. நாம் திறந்துவிட்டோம் அல்லவா, அதனால் அது மறைந்துவிட்டது. அதற்கு மேலே சங்கக் குழுவின் செய்திகள், உறவினர் குழுவின் காலை வணக்கங்கள், மின்கட்டண நினைவூட்டல் என்று வேறு பலவற்றின் வட்டங்கள் இருந்தன. அவற்றையே பார்த்தோம். இரண்டு நாளில் தமையனாரின் செய்தி திரையின் கீழ்ப்புறம் இறங்கிக் கண்மறைவாயிற்று. நாற்று விட்டிருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியோடு நாமும் அதை மறந்துவிட்டோம்.

மடிப்புக்குள் இருந்தது என்னவென்பதைப் பிறகு அறிந்தோம். நலமும் மழையும் எழுதியபின், பழைய வழக்கப்படி "நிற்க" என்று ஒரு சொல் போட்டு, அதற்குக் கீழேதான் அவர் செய்தியை எழுதியிருந்தார். தாயாருக்கு எண்பத்திரண்டு வயதாகிவிட்டது. தீபாவளி கழிந்ததும் ஒரு மாதம் டில்லியில் வந்து நம்மோடு இருக்க விரும்புகிறார். 1988இல் நம் மூத்த மகள் பிறந்தபோது சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் ஐந்து மாதம் வந்து தங்கியிருந்தாரே, அப்போது அடுத்த வீட்டில் பழகிய பஞ்சாபி அம்மாளையும் ஒருமுறை பார்க்கவேண்டுமாம். இனி இவ்வளவு தூரம் வரமுடியுமோ முடியாதோ என்கிறார். அந்நாளில் ரயில் முன்பதிவு 120 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும் ஆதலால், சரியென்று ஒரு வார்த்தை எழுதினால் உடனே இடம் பிடித்துவிடுவேன். இவ்வளவும் அந்த மடிப்புக்குள் இருந்தன.

தமையனார் காத்திருந்தார். அவருடைய கைப்பேசியில், அவர் எழுதியதன் ஓரத்தில் இரண்டு நீலக் குறிகள் தெரிந்தன. தம்பி படித்துவிட்டான் என்பது அவற்றின் பொருள். ஒரு வாரம் பார்த்தார். தாயாரிடம் சொன்னார். "அவர்களுக்கு என்ன சிரமமோ, வீட்டில் இடம் போதவில்லையோ என்னவோ. நீ மறுபடி கேட்காதே" என்று தாயார் சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் நாம் தொலைபேசியில் பேசினோம். தாயார் வழக்கம்போல் சாப்பாட்டைக் கேட்டார், குளிரைக் கேட்டார், பேரனின் வேலையைக் கேட்டார். பயணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீபாவளி வந்தது, போயிற்று. மார்கழியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

2023 பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது, திண்ணையில் அமர்ந்து தமையனார் இதைச் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல; நடந்ததைச் சொல்லும் குரலிலேயே சொன்னார். "நீலமாகிவிட்டதே, தம்பி. படித்துவிட்டாய் என்று தெரிந்தது. பதில் இல்லாததும் ஒரு பதில்தானே என்று இருந்துவிட்டோம்." நாம் கைப்பேசியை எடுத்துத் தேடி, அந்தச் செய்தியை அப்போதுதான் முழுவதும் படித்தோம். படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குற்றம் நம்முடையதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா நம்மை விடாது தொடர்ந்தது. நாம் படிக்காத ஒன்றைப் படித்ததாகத் தமையனாருக்குச் சொன்னது யார்? எதைக் கண்டு அப்படிச் சொல்லிற்று? டில்லிக்குத் திரும்பியதும், கணிப்பொறித் துறையில் பணியாற்றும் நம் மைந்தனிடம் கேட்டோம். அவன் பொறுமையாக விளக்கியதை, நமக்குப் புரிந்த அளவில் அன்பர்களுக்கு இங்கே தருகிறோம்.

பலர் கூடி எழுத்தில் உரையாடும் முறை கணிப்பொறியில் தோன்றிய நாள்தொட்டே, 'இவர் எதைப் படித்தார், எதைப் படிக்கவில்லை' என்ற கணக்கு ஒரு சிக்கலாக இருந்துவந்திருக்கிறது. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இருவர் 'யூஸ்நெட்' என்ற உரையாடல் வலையைத் திட்டமிட்டனர். அதில் வந்து சேரும் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வாசகரின் கணக்கிலே ஒரு சிறு ஏடு இருக்கும். இன்ன பொருளில் 1 முதல் 1250 வரையும், பிறகு 1253ஐயும் படித்தாயிற்று என்று அதில் எழுதப்பட்டிருக்கும். விடுபட்ட எண்கள் படிக்காதவை. மளிகைக் கடைக்காரரின் பற்றுவரவு ஏடுபோல எளிய முறை இது. ஆனால் ஒரு குறை: கட்டுரைக்கு எண் கொடுப்பது அந்தந்த ஊர்க் கணிப்பொறி. ஒரே கட்டுரைக்கு இங்கே ஓர் எண், அங்கே வேறோர் எண். ஆகவே வாசகர் வேறு கணிப்பொறிக்குக் குடிபெயர்ந்தால் பழைய ஏடு செல்லாது. ஊர்விட்டு ஊர் வந்து குடும்ப அட்டைக்கும் பள்ளிச் சான்றுக்கும் அலைந்த நம் போன்றோருக்கு இந்தத் துன்பம் புதிதன்று.

அதன்பின் வந்த உரையாடல் தளங்களில் சில, இன்னும் எளிய வழியைக் கைக்கொண்டன. வாசகர் கடைசியாக வந்துபோன நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அதற்குப் பின் எழுதப்பட்டவை புதியவை, முன் எழுதப்பட்டவை படித்தவை. இதில் வரும் இடர்ப்பாட்டை எவரும் ஊகிக்கலாம். ஒருவர் உள்ளே வந்து, இருபது செய்திகளில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்து போகிறார். மறுநாள் வரும்போது மற்றப் பத்தொன்பதும் படித்தவையாகிவிடுகின்றன. வீட்டு வாசலை மிதித்ததனாலேயே விருந்துண்டதாகக் கணக்கெழுதுவது போன்றது இது. இக்குறையை நீக்க, ஒவ்வொரு வாசகருக்கும் ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே பதிவு வைத்தார்கள். கணக்கு சரியாயிற்று, ஆனால் சுமை பெருகிற்று. ஆயிரம் வாசகர்கள், பத்தாயிரம் தலைப்புகள் என்றால் ஒரு கோடிப் பதிவுகள் வரை ஆகலாமன்றோ? அதனால், குறிப்பிட்ட நாளுக்கு முற்பட்டவை எல்லாம் படித்தவையே என்று கோடு கிழித்துவிடுவதும் உண்டு. 'அனைத்தையும் படித்ததாகக் குறி' என்றொரு பொத்தானும் பல தளங்களில் உண்டு. ஒருமுறை அழுத்தினால் ஆயிரம் செய்திகளும் கண்மூடித் திறப்பதற்குள் படித்தவையாகிவிடும்!

மின்னஞ்சலில் வேறொரு முன்னேற்றம் நிகழ்ந்தது. 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 'ஐமேப்' என்ற முறையை வகுத்தார். அதில் அஞ்சலும் அதன் குறிகளும் நடுவே ஒரு பொது இடத்தில் இருக்கும். அலுவலகத்தில் திறந்த கடிதம் வீட்டுக் கணிப்பொறியிலும் திறந்ததாகவே தெரியும். அதைவிட நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அம்முறையில் 'கண்டது' என்பதற்கு ஒரு குறி. 'விடையளித்தது' என்பதற்கு வேறு குறி. கவனிக்கவேண்டியதெனக் கொடியிட்டு வைப்பதற்கு மற்றுமொரு குறி. தந்தையாரின் கண்ணாடியையும் கம்பியையும் அந்த அறிஞர் கண்டிருக்க நியாயமில்லை. ஆயினும் அவரும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்.

இதனினும் சிறந்த செய்தி ஒன்றை மைந்தன் இறுதியில் சொன்னான். அஞ்சலைப் பெற்றவர் அதைத் திறந்ததும், அனுப்பியவருக்கு அறிவிப்பு ஒன்று தானே போய்ச் சேரும் முறைக்கு 1998இல் ஒரு பொது விதி வெளியிடப்பட்டது. அந்த அறிவிப்பில் வருவது 'காட்டப்பட்டது' என்ற சொல்லே. காட்டப்பட்டதனால் அது படிக்கப்பட்டது என்பதற்கோ, புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கோ உறுதியில்லை என்று அந்த விதி ஏடே சொல்லிவைத்திருக்கிறது. இயந்திரத்தை வகுத்தவர்கள் தம் இயந்திரத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நேர்மையோடு எழுதியிருக்கிறார்கள். 'காட்டப்பட்டது' என்பதைப் 'படிக்கப்பட்டது' என்றும், 'படிக்கப்பட்டது' என்பதை 'மறுக்கப்பட்டது' என்றும் பொருள் விரித்துக்கொண்டவர்கள் நாமே.

வாட்ஸ்அப் செயலியில் 2014 நவம்பரில் நீலக் குறி வந்தது. ஒரு சாம்பல் குறி என்றால் செய்தி புறப்பட்டது. இரண்டு என்றால் பெறுவோரின் கைப்பேசியைச் சென்றடைந்தது. இரண்டும் நீலமானால் அவர் திறந்து பார்த்தார். விருப்பமில்லாதவர்கள் இதை நிறுத்திவைக்கலாம்; அப்படி நிறுத்தினால் பிறர் பார்த்ததும் அவர்களுக்குத் தெரியாது. அறிவிப்பு மறுத்தவருக்கு அறிவிப்பு இல்லை என்ற அந்த நியாயத்தை நாம் பாராட்டுகிறோம். குழுக்களில் மட்டும் நிறுத்த முடியாது. இவை அனைத்தும் திறந்ததைப் பற்றிய செய்திகளே. 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினோமா, அழுத்திப் படித்தோமா, படித்து மனத்தில் வாங்கினோமா என்பதை அக்குறி சொல்வதில்லை.

பழைய தபால் முறையும் இதற்குமேல் சொன்னதில்லை. பதிவுத் தபாலோடு முன்பு சென்ற ஒப்புகை அட்டையில் கையொப்பம் இட்டுத் திரும்பி வந்தால், உறை கைக்கு வந்ததென்று பொருள். உள்ளே இருந்ததைப் படித்தார் என்று பொருளன்று. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட கடிதம், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரையில், சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று 1897ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டமும் சொல்கிறது. சட்டமும் உறையின் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே புகுந்து மனத்தை அளக்கத் துணியவில்லை.

தந்தையாரின் முறைக்கும் இன்றைய முறைக்கும் உள்ள வேற்றுமை நமக்கு இப்போதுதான் தெளிவாயிற்று. கைப்பேசி இரண்டே நிலைகளைக் கண்முன் காட்டுகிறது: படிக்காதது, படித்தது. படிக்காததற்கு ஒரு பச்சை வட்டத்தைக் கொடுத்து நம்மை அழைக்கிறது. திறந்த கணமே வட்டத்தை எடுத்துவிடுகிறது. தந்தையாரின் கூடத்தில் மூன்று நிலைகள் இருந்தன: வந்தது, படித்தது, பதில் எழுதியது. நடு நிலைக்குத்தான் அவர் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற நல்ல இடத்தைக் கொடுத்திருந்தார். படிக்காத கடிதத்தை யாரும் மறப்பதில்லை. ஆவலே அதைத் திறக்கவைத்துவிடும். படித்துவிட்டுப் பதில் எழுதாத கடிதமே மறதிக்குள் விழும். கடமை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தாய்நாட்டுக் கிராமத்தில் ஒரு காலும் வடநாட்டு நகரத்தில் ஒரு காலுமாக வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த இடைவெளி பெரிது. ஒரே தெருவில் இருப்பவர், பதில் வரவில்லையென்றால் சாயங்காலம் வாசலில் வந்து நிற்பார். முகத்தைப் பார்த்ததும் ஐயம் தீரும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு இரண்டு கோடுகளே நம் முகம். அவற்றில் அவர் நம் சலிப்பையும் அலட்சியத்தையும் மனைவி மக்களின் விருப்பு வெறுப்பையும் படித்துவிடுகிறார். முதியோர்கள் மறுமுறை கேட்கமாட்டார்கள். கேட்டால் பிள்ளைக்குச் சங்கடம் என்று எண்ணுவார்கள். அவர்களுடைய பெருந்தன்மையே நம் மறதிக்குத் திரையாகிவிடுகிறது.

அன்பர்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும், பட்டறிந்தவர் சொல் என்ற அளவில் சிலவற்றைக் கூறலாம். வழியில் நின்றபடி ஊர்க் கடிதத்தைத் திறக்காமல் இருப்பது நலம். திறந்துவிட்டால், 'கண்டேன், இரவில் எழுதுகிறேன்' என்று மூன்று சொல் எழுதிவிடலாம். அதற்கும் பொழுதில்லையென்றால், 'படிக்காததாகக் குறி' என்ற வசதி இருக்கிறது. அனுப்பியவர் பக்கத்து நீலம் அதனால் மாறாது. நம் பக்கத்தில் மட்டும் வட்டம் மீண்டும் வந்து நின்று நினைவூட்டும். இன்றைய கைப்பேசியில் தந்தையாரின் கண்ணாடிக்கு மிக நெருங்கிய பொருள் அதுவே. எழுதுவோரும், விடை வேண்டும் செய்தியை நலத்துக்கும் மழைக்கும் முன்னாலேயே வைத்துவிடலாம். தமையனாரிடம் இதைச் சொன்னபோது, "நலம் விசாரிக்காமல் எப்படியப்பா விஷயத்துக்கு வருவது?" என்று சிரித்தார். இன்றும் நலம் எழுதியே தொடங்குகிறார். ஆனால் 'நிற்க' என்பதைத் தனிச் செய்தியாக அனுப்பிவிடுகிறார்.

நம் சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவில் இட்ட அறிவிப்பின் குறி அனைவரும் கண்ட பிறகே நீலமாகும். ஒருவர் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தாலும் நிறம் மாறாது. ஆகவே நிறத்தைக் கொண்டு சமையலுக்கு அரிசி அளக்கவேண்டா. வயதான உறுப்பினர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பத்து அறிவிப்புகளுக்கு ஈடாகும்.

தாயார் இன்று இருக்கிறார். கைத்தடியின் துணையோடு கூடத்திலிருந்து வாசல்வரை நடக்கிறார். டில்லிப் பயணத்தை மருத்துவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அந்தப் பொங்கலன்று, மயூர் விஹாரில் இருந்த நம் மகள், சரோஜினி நகர்ப் பஞ்சாபி அம்மாளின் இன்றைய வீட்டுக்குப் போய், கைப்பேசியில் இருவரையும் நேருக்கு நேர் பார்க்கவைத்தாள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது. மற்றவருக்கு இந்தியும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. இருவரும் கால்மணி நேரம் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாயார் திரும்பி, "கீரை மசியல் நினைவிருக்கிறதா என்று கேட்கிறாள், இருக்கிறதென்று சொல்லிவிட்டேன்" என்றார். மகளிடம் பிறகு கேட்டோம். அந்த அம்மாள் கேட்டதும் அதையேதான்.

இப்போது நம் மயூர் விஹார் வீட்டுக் கூடத்திலும் ஒரு கண்ணாடியும் ஒரு கம்பியும் தொங்குகின்றன. கம்பியை ஊரிலிருந்தே கொண்டுவந்தோம். பழைய கடிதங்களைத் தமையனார் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறார். ஊரிலிருந்து விடை வேண்டும் செய்தி எது வந்தாலும், ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதை எழுதும் இந்நேரத்தில் அங்கே இரண்டு சீட்டுகள் உள்ளன. ஒன்று, இக்கட்டுரை எப்போது வருமென்று கேட்ட நம் இதழாசிரியருடையது. இன்று அது கம்பியில் ஏறிவிடும். மற்றது, 'தை மாதம் வருவாயா என்று அம்மா கேட்கிறாள்' என்பது. அதற்கு இப்போதே எழுதப்போகிறோம்.